சாலையை அகலப்படுத்தும்போது யாரை எண்ணுகிறார்கள்?

விபத்தில் சிக்கியவரைக் கொண்டுவந்து சேர்த்த குடும்பத்தார் முதல் நாளில் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "உயிருக்கு ஆபத்து இல்லையே?" இரண்டாம் நாளில், கால் பழையபடி ஊன்ற முடியுமா, நினைவு எப்போது திரும்பும், எத்தனை நாள் ஆகும், செலவு எவ்வளவு என்ற கேள்விகள் வரும். மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ, நோயாளி கண் திறந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு, வராந்தாவில் நின்றபடி வேறொரு கேள்வி எழும். "அந்த இடத்திலேயே ஏன் மறுபடியும் மறுபடியும் நடக்கிறது, ஐயா?"

முதல் இரண்டு நாள் கேள்விகளுக்கு விடை சொல்வது எங்கள் தொழில். மூன்றாம் நாள் கேள்விக்கு நாங்கள் இதுவரை தலையசைத்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்ததே மிகுதி. சாலை எங்கள் துறை அன்று என்று எண்ணியிருந்தோம். ஆயினும், ஒரே சாலையின் ஒரே திருப்பத்திலிருந்து ஆண்டுதோறும் நோயாளிகள் வந்துகொண்டிருக்கையில், அதைப் பற்றி வாய் திறவாதிருப்பதும் மருத்துவத்தில் ஒரு குறையே. ஆகவே இந்த இதழின் கருத்துப் பகுதியை அந்தக் கேள்விக்கு ஒதுக்குகிறோம்.

எங்களிடம் வரும் விபத்து நோயாளிகளில் பெரும்பகுதியினர் அரியலூர் மாவட்டத்தையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்தோர். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மண் கடலடியில் கிடந்தது. வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் அக்கடலின் சிப்பிகளைக் கல்லாகக் கண்டிருப்பார்கள். அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அங்குள்ள சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருள். சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல்லும், ஆலையிலிருந்து ஊர்களுக்குச் சிமெண்டும் இரவும் பகலும் லாரிகளில் ஓடுகின்றன. அவை ஓடும் வழிகளோ முந்திரித் தோப்புகளுக்கும் மக்காச்சோள வயல்களுக்கும் நடுவே செல்லும் கிராமத்துச் சாலைகள். திருச்சியிலிருந்து கீழப்பழுவூர், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி வழியாகச் சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையும், பெரம்பலூரிலிருந்து அரியலூர், கீழப்பழுவூர், திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைக்கு வரும் சாலையும் இவ்வாறு தொழிற்சாலைச் சாலையாகவும் ஊர்ச்சாலையாகவும் ஒரே நேரத்தில் வாழ்கின்றன. பள்ளிக்குச் செல்லும் மிதிவண்டியும், கரும்பேற்றிய டிராக்டரும், டிப்பர் லாரியும், 108 ஊர்தியும் ஒரே தார்ப்பரப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இத்தகைய சாலைகளை அகலப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. இதில் எங்களுக்கு ஐயமில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் நோயாளிகள் எங்களிடம் உள்ளனர். லாரி வரிசைக்குப் பின்னே பேருந்து ஊர்ந்து வருவதால் அவர்கள் தாமதமாக வருகிறார்கள். அடுத்த நோயாளிக்கு இயந்திரம் வேண்டும் என்பதால் சில வேளைகளில் சுத்திகரிப்பு நேரம் குறைகிறது. தலைக்காயத்தோடு வருபவருக்கு இருபது நிமிடம் என்பது வாழ்வுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் இடைப்பட்ட தொலைவு. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரும் உதவி. எனினும், சில சிகிச்சைகளுக்காகத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ செல்ல வேண்டியவர்கள் இன்னமும் அதே சாலையில்தான் செல்கிறார்கள். ஆதலால் சாலை விரிய வேண்டும்.

ஆனால், எதற்காக விரிகிறது, யாரை எண்ணி விரிகிறது என்பதில்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

ஒரு சாலை எத்தனை வழிச்சாலையாக இருக்க வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் வாகனங்களை எண்ணி முடிவு செய்கிறார்கள். எல்லா வாகனமும் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற தொழில்நுட்ப அமைப்பு வகுத்த முறையில், ஒரு கார் ஓர் அலகு. ஒரு லாரி மூன்று அலகு. இழுவை லாரியாயின் நான்கரை. ஒரு மோட்டார் சைக்கிள் அரை அலகு. சமவெளியில் ஓர் இருவழிச் சாலை நாளொன்றுக்கு 15,000 அலகுகளைத் தாங்கும் என்பது அவ்வமைப்பு 1990இல் தந்த அளவுகோல். எடுத்துக்காட்டாக, 3,000 லாரிகளும் 2,000 கார்களும் 8,000 மோட்டார் சைக்கிள்களும் ஓடினால் கணக்கு நிறைந்துவிடும். இந்த முறையில் தவறு ஏதுமில்லை. சாலையில் யார் எவ்வளவு இடம் அடைக்கிறார்கள் என்பதை அளக்கவே அது வகுக்கப்பட்டது. நடந்து சாலையைக் கடப்பவர் நீளவாக்கில் இடம் அடைப்பதில்லை. எனவே அவருக்கு அந்தக் கணக்கில் எண் இல்லை.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடளவில் மாண்டவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். அதாவது, கொள்ளளவுக் கணக்கில் அரை அலகாகவும் பூச்சியமாகவும் நின்றவர்களே இறப்புக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் ஒரு நாள் மாலை பார்வையாளர் நேரத்தில் வந்து பார்த்தாலும் இதுவே தெரியும். டிவிஎஸ் 50 ஓட்டியவர், பின்னால் அமர்ந்து வந்தவர், பேருந்தை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தவர், மாட்டை ஓட்டிச் சென்றவர். லாரி ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

நடப்போரை எண்ணவே மாட்டார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. கடக்கும் இடத்தில் சமிக்ஞை போன்ற கட்டுப்பாடு தேவையா என்று பார்க்க நெடுங்காலமாகக் கையாளப்பட்ட ஒரு விதி உண்டு. மணிக்கு 1,000 வாகனங்கள் ஓடும் சாதாரணச் சாலையில், நெரிசல் வேளையின் ஒரு மணி நேரத்தில் 100 பேராவது கடக்க வேண்டும். நடுவில் தடுப்புள்ள சாலையாயின் 200 பேர். நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நகரத்துக் கடைத்தெருவுக்கு இது பொருந்தும். அறுபது வீடுகள் உள்ள ஒரு கிராமத்தில் காலையில் நாற்பது பேர் பேருந்துக்காகக் கடப்பார்கள். சாலை குறுகலாக இருந்தபோதே அவர்கள் தேறவில்லை. சாலை விரிந்த பிறகு இன்னும் தொலைவில் போய்விடுகிறார்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 2018இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகங்களின்படி, நடுத்தடுப்பு இல்லாத பிற சாலைகளில் காருக்கு 70, சரக்கு லாரிக்கு 60 கிலோமீட்டர். நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையாக மாறிவிட்டால் காருக்கு 100, லாரிக்கு 80. சாலையோரத்தில் அதே பள்ளிக்கூடம், அதே ரேஷன் கடை, அதே அம்மன் கோவில். மாறியது சட்டம் அனுமதிக்கும் வேகம் மட்டுமே. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம், ஓட்டுநர் ஆளைக் கண்டது முதல் நிற்பதற்கு ஏறத்தாழ 80 மீட்டர் வேண்டும் என்று சாலை வடிவமைப்பு நூல்கள் கொள்கின்றன. 80 கிலோமீட்டருக்கு 120 மீட்டர். 100 கிலோமீட்டருக்கு 180 மீட்டர். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம்: சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது, 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதுவதைவிட 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு. எலும்பும் மூளையும் நெடுஞ்சாலை எத்தனை வழி என்று பார்த்து உறுதி பெறுவதில்லை.

நடுத்தடுப்பு உயிர் காப்பது உண்மையே. எதிரெதிரே மோதும் விபத்துகள், அதாவது எங்களிடம் வந்து சேரும் முன்பே முடிந்துபோகும் விபத்துகள், தடுப்பு வந்தபின் பெரிதும் குறைகின்றன. ஆனால் அத்தடுப்பு ஊரை இரண்டாக வகுக்கிறது. ஊர்ப்புறத்தில் திரும்பும் இடைவெளிகள் பொதுவாக 2 கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவில் அமைகின்றன. வீட்டுக்கு எதிரே வயல் வைத்திருப்பவர் ஒரு மண்வெட்டியை எடுத்துவர நான்கு கிலோமீட்டர் சுற்ற மாட்டார். அவர் தவறான திசையில் ஓரமாக வருவார். அல்லது தடுப்பைத் தாண்டுவார். அவரை விதி மீறியவர் என்று பதிவேடு எழுதும். விதியை எழுதியவர் அவருடைய வயல் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

சில மாதங்களுக்கு முன் பெண்கள் பிரிவில் இருந்த ஓர் அம்மாவை இங்கே நினைத்துக்கொள்கிறோம். இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். எப்படி அடிபட்டது என்று செவிலியர் கேட்டபோது, படுக்கை விரிப்பின்மீது மாத்திரை அட்டைகளை வரிசையாக வைத்தார். "இது ரோடுன்னு வச்சுக்கம்மா. பஸ்ஸு இங்க நிக்கும்." தம்ளரை ஓரிடத்தில் வைத்தார். "ரேஷன் கடை இங்க. நடுவுல கட்டை போட்டுட்டாங்க. அந்த முனையில கட்டை உடைஞ்சு ஒரு சந்து இருக்கு. எல்லாரும் அது வழியாத்தான் வருவோம். செடி வளர்ந்து மறைச்சுக்கிட்டதால வர்றவனுக்கு எங்களத் தெரியாது, எங்களுக்கு அவனத் தெரியாது." பிறகு அவரே சொன்னார்: "அவன் மேலயும் தப்பு இல்ல."

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று ஒன்று உண்டு. சாலை வரைபடத்தில் இருக்கும்போதும், கட்டப்படும்போதும், திறந்த பின்னும் தனி வல்லுநர்கள் அதைப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்பது முறை. அந்த அம்மா மாத்திரை அட்டைகளை வைத்துக் காட்டியது அப்படி ஒரு தணிக்கையே. ஒரு குறை மட்டும்: அது விபத்துக்குப் பிறகு, மருத்துவமனைக் கட்டிலில் நடந்தது.

இனி லாரி ஓட்டுநர்கள். ஊரில் அவர்களைப் பற்றி நல்ல சொல் கேட்பது அரிது. எங்கள் பிரிவுகளில் அவர்களும் படுத்திருக்கிறார்கள். அவர்களுடன் பேசினால், பலருக்குக் கூலி நடைக் கணக்கில் என்பது தெரியவரும். நாளில் இத்தனை நடை ஓட்டினால் இவ்வளவு. ஆலை வாயிலில் வரிசையில் காத்திருந்த மணிகளுக்குக் காசு இல்லை. ஆகவே அந்த மணிகளைச் சாலையில் பிடிக்கப் பார்க்கிறார்கள். நிறுத்தி உறங்க இடமில்லாமல் வண்டியைச் சாலையோரத்திலேயே நிறுத்துகிறார்கள். விளக்கில்லாமல் நிற்கும் அந்த வண்டியின் பின்புறத்தில்தான் இரவில் வரும் மோட்டார் சைக்கிள் மோதுகிறது. மிகைச் சுமைக்கு 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. ஆனால் சுமையை ஏற்றும்போதே ஆலையிலும் சுரங்கத்திலும் எடை பார்க்க முடியும். சாலையில் பிடிபடுபவர் ஓட்டுநர். ஏற்றியவர் அங்கே இல்லை.

கொள்ளளவைக் கூட்டுவது என்றால் தாரை அகலப்படுத்துவது என்று மட்டுமே பொருள் கொள்வதும் சரியன்று. சாலையிலிருந்து லாரியைக் குறைப்பதும் கொள்ளளவைக் கூட்டுவதே. ஒரு லாரி குறைந்தால் மூன்று அலகு மிச்சம் என்று அந்தக் கணக்கே சொல்கிறது. சுரங்கத்திலிருந்து ஆலைக்கு மூடிய கன்வேயர் பட்டை வழியாகக் கல்லைக் கொண்டுசெல்லலாம். உலகின் பல சிமெண்ட் ஆலைகள் அவ்வாறே செய்கின்றன. அரியலூர், விழுப்புரம் – திருச்சி முதன்மை ரயில் தடத்தில் இருக்கும் ஊர். சிமெண்டை ரயிலில் ஏற்ற வழியுள்ளது. லாரிகளுக்குத் தனிப் பாதை வேண்டும், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அவற்றை நிறுத்த வேண்டும் என்ற குரல்கள் அம்மாவட்டத்தில் பலகாலமாக எழுந்துவருகின்றன. இவையெல்லாம் செலவு பிடிக்கும். நான்குவழிச் சாலையும் செலவு பிடிக்கும். ஒன்றின் செலவை ஆலை ஏற்கிறது, மற்றொன்றின் செலவை நாம் எல்லோரும் ஏற்கிறோம் என்பதுதான் வேறுபாடு. உடைந்த இடுப்பெலும்பின் செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் எழுதப்படுவதில்லை.

அப்படியாயின் என்ன கேட்கிறோம்? ஊர் வரும் இடங்களில் நடப்பவருக்கும் கால்நடைக்கும் கீழ்ப்பாலம், அதில் மழைநீர் தேங்காத வடிகால். (வடிகாலை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஐப்பசி மழையில் குளமாகிவிடும் கீழ்ப்பாலத்தை நம்பி யாரும் இறங்குவதில்லை, மேலேதான் கடப்பார்கள்.) ஊர்களை இணைக்க இருபுறமும் சேவைச் சாலை. ஊருக்குள் நுழையும் முன் வாகனம் தானாகவே மெதுவாகும்படி சாலையின் அமைப்பு. திடீரென்று முளைக்கும் வேகத்தடை அன்று, ஏனெனில் முதுகெலும்பு முறிந்தவரை ஏற்றி வரும் ஊர்தி அதில் ஏறி இறங்கும்போது உள்ளே இருப்பவர் படும் பாடு எங்களுக்குத் தெரியும். லாரிகள் நின்று இளைப்பாற ஒதுக்கிடம். பேருந்து நிறுத்தத்தில் விளக்கு. நடுத்தடுப்பில் ஆம்புலன்ஸ் மட்டும் திறந்து செல்லக்கூடிய வாயில்கள். இவற்றைத் திட்ட அறிக்கை எழுதும்போதே சேர்த்தால் செலவு சிறிது. சாலை திறந்த பின் சேர்ப்பதற்குத் தனி ஒப்பந்தம், தனி நிதி, பல ஆண்டுகள்.

ஆனால், திட்டம் எழுதப்படும்போது யார் குரல் கேட்கிறது? தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நிலம் எடுக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டம், அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள் நிலத்தில் உரிமையுள்ளோர் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறது. அது நல்ல விதி. ஆனால், நிலம் இல்லாதவர், தினமும் கடப்பவர், அந்த விதிக்குள் வருவதில்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொது விசாரணை என்பதும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட, கூடுதலாக நிறைய நிலம் எடுக்கும் தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கங்களுக்கே பொருந்துகிறது. துண்டு துண்டாக எடுத்துச் செய்யப்படும் பணிகள் அதன் கீழே வருவதில்லை. கடப்பவருக்கு எஞ்சியிருப்பவை கிராம சபைக் கூட்டமும், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவும்.

அந்தக் குழுக்களின் முன் வைக்கப்படும் சான்று எது என்பது அடுத்த கேள்வி. 'கரும்புள்ளி' என்ற சொல்லைச் செய்தித்தாளில் கண்டிருப்பீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள ஓரிடத்தில், மூன்று ஆண்டுகளில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ விளைவித்த விபத்துகள் ஐந்து நடந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால், அந்த இடம் கரும்புள்ளியாகக் கொள்ளப்பட்டு திருத்தப்படும். ஐந்து என்ற எண்ணை எட்டுவதற்கே நான்கு குடும்பங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நான்கும் சரியான இடத்தோடு பதிவாகியிருக்கவும் வேண்டும். இங்கேதான் மருத்துவமனையின் பங்கும், உங்கள் பங்கும் வருகின்றன.

எங்கள் விபத்துப் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். 'விபத்து நடந்த இடம்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஊர்ப் பெயரும் 'அருகில்' என்ற சொல்லும். வழக்குக்கு அது போதும். சாலையைத் திருத்தப் போதாது. ஊருக்கு அருகில் என்றால் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவு. 500 மீட்டரை அதில் எங்கே தேடுவது? காலில் அடிபட்டுத் தானே ஆட்டோவில் வந்துவிட்ட பலர் காவல் நிலையத்துக்கே செல்வதில்லை. அவர்களுடைய விபத்து எந்தக் கணக்கிலும் இல்லை. சாலை விபத்துகளைக் கணினி வழியாக இடக்குறியோடு பதியும் ஒருங்கிணைந்த தரவுத்தளம் 2021இல் தொடங்கியபோது முதலில் சேர்ந்த ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவானது அது. கருவி இருக்கிறது. அதில் நிரப்பப்படும் செய்தி சரியாக இருப்பது எங்கள் வரவேற்பு மேசையிலும் உங்கள் நினைவிலும் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குறை இது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

அடிபட்டவரைச் சேர்க்க வந்தவர் ஒன்றுக்கும் அஞ்ச வேண்டாம் என்பதையும் இங்கே திரும்பச் சொல்கிறோம். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம், உதவ வந்தவர்மீது உரிமை வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்று காப்பளித்துள்ளது; பெயர் சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளான எவருக்கும், அவர் எந்த ஊரினராயினும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்திற்குப் பணம் கேளாமல் சிகிச்சை உண்டு. அடிபட்டவருக்கு வழியில் தண்ணீர் புகட்டாதீர்கள். இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தையோ முதுகையோ வளைத்துத் தூக்காமல் 108க்குக் காத்திருங்கள். எங்களால் இயன்றதை நாங்களும் செய்வோம். இவை யாவும் விபத்துக்குப் பிந்தியவை.

1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, ரயில் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அம்மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். ஒரே இரவில் ஒரே இடத்தில் நடந்ததால் அது நாட்டை உலுக்கியது. சாலையில் ஒவ்வொருவராக, ஒவ்வொரு வாரமாக, வெவ்வேறு கிலோமீட்டர் கல்லுக்கு அருகே மாள்பவர்களுக்காக அப்படி ஓர் இரவு வருவதில்லை. அவர்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டக்கூடியது பதிவேடு ஒன்றே.

ஆகவே, இம்மாதம் முதல் அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசையில் தனிக் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறோம். நோயாளியைச் சேர்த்து, மருத்துவர் பார்த்து, உங்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்த பிறகு அதில் எழுதினால் போதும். முதல் நாளே எழுத வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண், அல்லது பேருந்து நிறுத்தம், கோவில், பெட்ரோல் பங்க் என ஏதேனும் ஓர் அடையாளம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் கடந்தார், பொழுது என்ன, வெளிச்சம் இருந்ததா, அதே இடத்தில் முன்பு யாருக்கேனும் அடிபட்டிருந்தால் அதுவும். கைபேசியில் அந்த இடத்தின் வரைபடக் குறி இருந்தால் மேசையில் உள்ளவரிடம் காட்டுங்கள், அவர் குறித்துக்கொள்வார். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் செவிலியர் எழுதுவார். வேண்டுமானால் மாத்திரை அட்டையும் தம்ளரும் தருகிறோம். நோயாளியின் பெயரோ யார்மீது தவறு என்பதோ இதில் வேண்டாம். வழக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடி படாமல் தப்பியவர்களும், நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில் தம் ஊரின் ஆபத்தான முனையை நினைத்துக்கொண்டவர்களும் எழுதலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குறிப்புகளை இடவாரியாகத் தொகுத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அனுப்புவோம். என்ன அனுப்பினோம், என்ன விடை வந்தது, விடை வரவில்லையாயின் அதுவும், இவ்விதழில் வெளியாகும். குறிப்பேடு இரவிலும் மேசையில்தான் இருக்கும். பேனா கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது.